வத்தல் போட்ட பாறை

இன்று பக்கத்து ஃபிளாட்டில் வத்தல் பொரிக்கும் வாசனை வந்ததுமே என் கடைவாய்ப் பல்லில் கல் கடிபட்டது. ஆவடியில் எங்கள் ஃபேக்டரி குவார்ட்டர்ஸ் சுவருக்குப் பின்னால், எருமை படுத்திருப்பதுபோல் ஒரு பாறை கிடந்தது. இப்போது அதன்மேல் அடுக்குமாடி ஏறிவிட்டது. சித்திரை பிறந்தால் அம்மாவும் அந்த ஊர்க்காரரான கன்னியம்மா அக்காவும் பாறையின் நடுவே கரிக்கோடு கிழித்துப் பங்கு பிரித்து, கால் சுடாமலிருக்க ஆளுக்கொரு குடம் தண்ணீரை ஊற்றி, அது உஸ்ஸென்று ஆவி விட்டு அடங்கியதும் ஈர வேட்டி விரித்து வத்தல் பிழிவார்கள்.

பாறையோ வருஷாவருஷம் செதில் செதிலாக உதிர்ந்து, வத்தலெல்லாம் பொடிக்கல். அடுத்தவள்தான் தன் பங்கைக் கொத்திக் கெடுக்கிறாள் என்று இருவருக்கும் சந்தேகம். பேச்சு நின்றுபோய், ஒரு மதியம் ஆளுக்கொரு குடையோடு பாறையின் இரு முனைகளிலும் காவலுக்கே உட்கார்ந்துவிட்டார்கள்.

திடீரென்று கோடை மழை நாலு தூற்றல் போட்டது. கொதித்துக்கிடந்த பாறையில் படீரென்று சத்தம். கரிக்கோட்டின் இருபுறமுமாக முறத்தளவு ஏடு ஒன்று, காய்ந்த வத்தல் வேட்டியை விட்டு ஓரம் தூக்குவதுபோல், தானாகவே எழும்பியது.

"அய்ய, யாரும் ஒடைக்கலக்கா! கல்லே வத்தல் போட்டுகினு கீது!" என்றார் கன்னியம்மா அக்கா.

வெயிலும், சுட்ட கல்மேல் நாங்கள் வருஷாவருஷம் ஊற்றிய குடத்துத் தண்ணீரும்தான் குற்றவாளிகள். அம்மா குனிந்து ஏட்டைத் தட்டிப் பார்த்தாள். அந்தக் கோடையில் முதல்முறையாக அக்காவிடம் வாய் திறந்தாள்:

"அது சரி, பெரிய துண்டு எம் பக்கத்துலருந்துதான பேந்திருக்கு?"