இருபத்தைந்து வோல்ட் கப்பாசிட்டர்

கனடாவிலிருந்து அண்ணை திருவிழாவுக்கு வந்தால் எங்கள் வீட்டில் யாரும் அவரை மறுத்துக் கதைக்கக் கூடாது. "இரண்டு கிழமைக்கு வந்த மனுசன், முகம் கோணாமல் அனுப்பிவிடுவம்" என்பதுதான் சட்டம். அந்தச் சட்டத்தில் இடி விழ!

புருசன் விட்டுப்போன என் அக்கா அரியாலையில் தனியே இருக்கிறாள். மாதாமாதம் அண்ணையின் கையைப் பார்த்திருப்பது அவளுக்குச் சீயென்று போய்விட்டது. பெட்டி ஒன்றில் முட்டை பொரிக்க வைத்து, ஊர்க்கோழிக் குஞ்சு விற்றுச் சொந்தக்காலில் நிற்க நினைத்தாள். நான் கொக்குவிலில் வீட்டிலேயே ரேடியோ, அம்பிளிஃபயர் திருத்துகிறவள். பெட்டியின் மின்வேலை என்னுடையது. மேலே ஒரு பல்ப் சூடு கொடுக்கும். அந்தச் சூட்டை எல்லாத் தட்டுகளுக்கும் பரப்ப ஒரு விசிறி. விசிறிக்கு இருபத்துநாலு வோல்ட் டீசி வேண்டும். பதினெட்டு வோல்ட் ட்ரான்ஸ்போமரும், ஐம்பது வோல்ட் தாங்கும் கப்பாசிட்டரும் போட்டுக் கொடுத்தேன். குஞ்சு பொரிக்கச் சில நாட்களே இருந்தபோது அண்ணை அக்கா வீட்டுக்கு வந்து பெட்டியின் பின்பக்கத்தைத் திறந்தார்.

"உதென்னடி பதினெட்டு? விசிறியிலை இருபத்துநாலு எண்டெல்லோ போட்டிருக்கு."

"அண்ணை, ட்ரான்ஸ்போமரிலை போட்டிருக்கிறது ஏசி. அலையின்ரை உச்சி அதைவிட ஒண்டு தசம் நாலு மடங்கு. கப்பாசிட்டர் அந்த உச்சிக்குத்தான் நிரம்பும். பதினெட்டு இருபத்தஞ்சரையாகும். டயோட்டுகள் ஒண்டரையைத் திண்டால் மிச்சம் இருபத்துநாலு."

"அப்ப கப்பாசிட்டர் ஏன் ஐம்பது?"

"விடியப்புறம் ஒருதரும் தண்ணி மோட்டர் போடாத நேரம் கரண்ட் ஏறும். இடம் விட்டுத்தான் போடவேணும்."

"நான் அங்கை பக்டரியிலை நிண்டு வேலை செய்யிறவன். எனக்கே படிப்பிக்கிறியோ?"

அடுத்த நாள் பட்டணத்துக்குப் போய் இருபத்துநாலு வோல்ட் ட்ரான்ஸ்போமரும் இருபத்தைந்து வோல்ட் கப்பாசிட்டரும் வாங்கி வந்து, தானே ஈயம் பற்றவைத்தார். விசிறி முன்னையைவிட வேகமாகச் சுற்றியது. "பாத்தியே, இதுதான் காத்து!" என்றார். சுற்றாமல் என்ன செய்யும்? முப்பத்திரண்டு வோல்ட்டுக்கு மேல் போய்க்கொண்டிருந்தது; அவர் போட்ட கப்பாசிட்டர் தாங்குவது இருபத்தைந்துதான். சும்மா கிடந்த சங்கை ஊதிக் கெடுத்தானாம் ஆண்டி.

நான் அக்காவைக் குசினிக்குள் இழுத்தேன். "இப்ப மாத்தாட்டி அது வெடிக்கும்."

"நீ சொன்னால் சரியாத்தான் இருக்கும்," என்றாள். "ஆனால் நாளைக்கு அவர் போயிடுவார். போனாப்பிறகு மாத்து. இப்ப நீ கை வைச்சியெண்டால் அந்தாள் சாப்பிடாமல் எழும்பிப் போயிடும்."

மறுநாள் எல்லோருமாகப் போய் அண்ணையைக் கொழும்பு ரயிலில் ஏற்றிவிட்டு அக்கா வீட்டுக்குத் திரும்பினோம். வாசலிலேயே கருகல் நாற்றம். கப்பாசிட்டரின் தலை பிளந்திருந்தது. விசிறி நின்றுபோக, பல்ப் மட்டும் எரிந்துகொண்டிருந்தது. சூடு பார்த்து பல்பை நிறுத்தும் கருவி அடித்தட்டில் இருந்தது. சூடு அங்கே போகவேயில்லை. மேல்தட்டு அவிந்துவிட்டது, கீழ்த்தட்டு குளிர்ந்துவிட்டது. அக்கா ஒரு முட்டையை உடைத்தாள். உள்ளே இறகு முளைத்த குஞ்சு. மற்றவற்றை அவள் தொடவில்லை.

அண்ணை கனடாவில் இறங்கியதும் அக்காவுக்குப் போன் எடுத்தார். "குஞ்சு பொரிச்சிட்டுதோ?"

"ஓம் அண்ணை, எல்லாம் நல்லாப் பொரிச்சிட்டுது."

"சொன்னனான் எல்லோ! உவளைத் தொழிலைப் பழகச் சொல்லு."

பக்கத்தில் நின்ற எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. போனைப் பறித்தேன். "அண்ணை, ஒரு குஞ்சும் இல்லை. உங்கடை கப்பாசிட்டர் வெடிச்சு எல்லாம் நாசமாப் போச்சு."

அவர் போனை வைத்துவிட்டார். அக்கா என்னைப் பார்த்த பார்வையை நான் எங்கே கொண்டுபோய்க் கொட்டுவேன்? "இனி என்ரை படலையைத் திறக்காதை," என்றாள்.

அன்றிலிருந்து அவள் என்னோடு கதைப்பதில்லை. அண்ணையோடு கதைக்கிறாள். கதைக்காமல் விட்டால் சாப்பாட்டுக்கு என்ன செய்வாள்?