ஈரத்துணியில் சுற்றிய சுருட்டுகள்

"சுருட்டு வருஷக்கணக்கா காயாம இருக்க என்னாங்க பண்ணணும்?" என்று ஆரணி பஸ்ஸில் பக்கத்து சீட்டுக்காரர் போனில் யாரிடமோ கேட்டார். எனக்கு அம்மாவின் நினைவு வந்தது.

அப்பா தறியையும் எங்களையும் விட்டுவிட்டுப் பெரணமல்லூரில் வேறொருத்தியோடு குடும்பம் நடத்தப் போய்விட்டார். அவர் விட்டுப்போன சுருட்டுகளை அம்மா ஈரத்துணியில் சுற்றி மண்பானையில் வைத்திருந்தாள். துணி காய்ந்தால் மறுபடியும் நனைப்பாள். வீடெல்லாம் புகையிலை வாசம்.

மூன்று வருஷம் கழித்து ஒரு மதியம் அப்பா வந்தார். அம்மா ஒரு சுருட்டை எடுத்து நீட்டினாள்.

"அதெல்லாம் உட்டு ரொம்ப நாளாச்சி. அவளுக்குப் புடிக்காது."

"நல்லதுங்க," என்றாள் அம்மா.

அவர் போனதும் அதைத் தானே பற்றவைத்து, இருமி இருமிப் புகைத்தாள். பக்கத்தில் போய் உட்கார எனக்கு அப்போது தோன்றவில்லை. இப்போது தோன்றுகிறது. அம்மா இல்லை.