தகரக் கூரைக்குக் கீழே நாற்பத்து மூன்று

எனக்குக் கோபம் சீக்கிரம் வரும், சீக்கிரம் போகும். இந்தக் கோபம் மட்டும் போகவில்லை.

சங்கரன்கோவிலில் ஒரு விசைத்தறிக் கூடத்தில் தறி ஓட்டிக்கொண்டிருந்தேன். எலக்ட்ரானிக்ஸ் டிப்ளமோ படித்துவிட்டுத்தான் ஓட்டினேன்; சிரிப்பவர்கள் சிரிக்கட்டும். போன கோடையில் தகரக் கூரைக்குக் கீழே மயங்கி விழுந்தேன். இன்னொரு கோடை அந்தச் சூட்டில் நிற்கவே கூடாது என்று டாக்டர் சொல்லிவிட்டார். சூட்டை வெளியே தள்ளும் எக்ஸாஸ்ட் ஃபேன் ஒன்று மாட்டினால் வேலை நிலைக்கும், இல்லையென்றால் வேலையை விட வேண்டியதுதான். முதலாளியிடம் கேட்டால், "வெயிலு ஊருக்கே அடிக்கு. ஒனக்கு மட்டுமா அடிக்கு?" என்பார்.

எவ்வளவு சூடு என்று எண்ணிலேயே காட்டிவிடலாம் என்று தோன்றியது. தெர்மாமீட்டரைக் கடையில் வாங்கியிருக்கலாம். படித்தது மறந்துவிடவில்லை என்று எனக்கே காட்டிக்கொள்ள ஆசை. பக்கத்துத் தறிக்காரியும் சேர்ந்துகொண்டாள். ஆறு வருடமாக ஒரே தூக்குச்சட்டியில் கைவிட்டுச் சாப்பிட்டவர்கள் நாங்கள்.

ஞாயிற்றுக்கிழமை என் வீட்டில் உட்கார்ந்தோம். எவர்சில்வர் முனை வைத்த வயர் சென்சார், தீப்பெட்டி அளவில் ஒரு போர்டு, சின்ன டிஸ்பிளே. அவள் வயரைப் பிடிக்க, நான் ஈயம் வைத்து ஒட்டினேன். முதலில் மைனஸ் 127 என்று காட்டியது.

"ஏட்டி, நம்மூர்ல பனி கொட்டுதுடி!" என்று விழுந்து விழுந்து சிரித்தாள். நானும் சிரித்தேன். இணைப்பு சரியில்லை என்றால் அப்படித்தான் காட்டும். ரெசிஸ்டர் என்ற சின்னப் பாகம் ஒன்றை வைக்க மறந்திருந்தேன். அதைப் போட்டதும் சரியாகிவிட்டது. சரியாகக் காட்டுகிறதா என்று சோதிக்க, சர்பத் கடையிலிருந்து ஐஸ் வாங்கிவந்தாள். உருகும் ஐஸில் பூஜ்யம், கொதிக்கும் தண்ணீரில் தொண்ணூற்றொன்பது. மறுநாள் மத்தியானம் கூடத்தில் நாற்பத்து மூன்று.

"மொதலாளிட்ட ரெண்டு பேருமா போவோம். நான் ஒன் கூடவே நிப்பேன்" என்றாள். நான் கேட்கவில்லை, அவளாகவே சொன்னாள்.

போனோம். முதலாளி கருவியைத் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு, என்னை விட்டுவிட்டு அவளிடம் கேட்டார். "இது சரியாத்தான் காட்டுதா?"

"எனக்கென்ன தெரியும் மொதலாளி? மொத நாளு மைனஸ் நூத்தி இருவத்தேழுன்னு காட்டிச்சி. பெறவு இவதான் என்னமோ செஞ்சி மாத்துனா."

ரெசிஸ்டரைப் பற்றி விளக்க ஆரம்பித்தேன். திருடி மாட்டிக்கொண்டவள் சாக்குச் சொல்வதுபோல என் குரல் எனக்கே கேட்டது. முதலாளி சிரித்தார். போய் வேலையைப் பார்க்கச் சொன்னார். ஃபேன் கிடையாது.

அடுத்த வாரம் அவளை வாசலோரத் தறிக்கு மாற்றினார்கள். காற்று வரும் இடம். பயத்தில் உளறியிருப்பாள், அல்லது கருவிமேல் உண்மையிலேயே சந்தேகம் இருந்திருக்கும் என்று மனதைத் தேற்றிக்கொண்டேன். சந்தேகம் என்றால் மன்னிக்கலாம்தானே.

மாதக் கடைசியில் வேலையை விட்டுவிட்டு, என் சாமான்களையும் கருவியையும் பையில் எடுத்துவைத்துக்கொண்டிருந்தேன். கண்ணைப் பார்க்காமல் அவள் பக்கத்தில் வந்து நின்றாள்.

"ஏட்டி, போறதுக்கு முன்னால அத என் தறிகிட்ட ஒருக்கா வச்சிப் பாரேன். இங்கன எவ்வளவு கொறைச்சல்னு தெரியணும்."

ஏன் செய்தேன் என்று இன்றுவரை தெரியவில்லை. வைத்துப் பார்த்தேன். முப்பத்தெட்டு என்றேன்.

"அஞ்சு கொறைச்சலாக்கும்!" என்றாள். முகமெல்லாம் சந்தோஷம். சரியாத்தான் காட்டுதா என்று கேட்கவே இல்லை.