கேட்காமல் வைத்த பூ

எனக்கு மல்லிகை ஆகாது. ஒவ்வாமை ஒன்றும் இல்லை. தலைக்குப் பின்னால் யாராவது கையைக் கொண்டுவந்தாலே உடம்பு தூக்கிவாரிப் போடுகிறது. முடி வெட்டும் கடையில்கூட, "சொல்லிட்டுத் தொடுங்க" என்று முதலிலேயே சொல்லிவிடுவேன்.

இதற்கெல்லாம் காரணமானவன் என் அண்ணனின் கூட்டாளி. கோலா சிலாங்கூர் பக்கத்தில், எங்கள் தோட்டக் குடியிருப்பிலேயே வளர்ந்தவன். பிறகு அவனும் அவன் அம்மாவும் புக்கிட் செந்தோசாவுக்கு வீடு மாறிப் போனார்கள். ஆனாலும் ஞாயிற்றுக்கிழமை ஆனால் எங்கள் வீட்டு வாசலில் அவன் மோட்டார் நிற்கும்.

ஒரு நாள் கோலா சிலாங்கூர் பஸ் நிலையத்தில் கிள்ளான் பஸ்ஸுக்குக் காத்திருந்தேன். பக்கத்தில் வந்து நின்றான். "என்னைக் கட்டிக்கிறியா?" என்று நேராகவே கேட்டான். அதில் குற்றம் சொல்ல மாட்டேன். மரியாதையாகத்தான் கேட்டான், நானும் மரியாதையாகத்தான் சொன்னேன்.

"எனக்கு உங்க மேல அந்த மாதிரி எண்ணமே இல்ல. வேணாம்."

சிரித்தான். "மொதல்ல எல்லாப் பொண்ணுங்களும் அப்படித்தான் லா சொல்லுவாங்க."

பஸ் வந்தது, ஏறிவிட்டேன். வேண்டாம் என்று சொல்லியாயிற்று, கதை முடிந்தது என்று நினைத்தேன். முடிந்த கதையை வீட்டில் எதற்குக் கிளற வேண்டும்?

மறு மாதம் என் இருபத்தொன்றாவது பிறந்தநாள். எங்கள் பக்கம் இருபத்தொன்று என்றால் கல்யாணத்துக்குக் குறைவில்லாமல் செய்வார்கள். அப்பா தோட்டத்து மண்டபத்தை எடுத்திருந்தார். கேக் வெட்டியதும், வெள்ளித் தாள் ஒட்டிய பெரிய அட்டைச் சாவி ஒன்றை என் கையில் கொடுத்தார். இனி உன் முடிவை நீயே எடுக்கலாம் என்று அதற்கு அர்த்தம். கண் கலங்கியிருந்தார் மனுசன்.

சாவியைக் கீழேகூட வைக்கவில்லை, பாட்டு நின்றது. அவன் மைக்கோடு மேடைக்கு வந்து என் முன்னால் மண்டியிட்டான். ஊரே கைப்பேசியைத் தூக்கிப் பிடித்தது. "யெஸ் சொல்லு! யெஸ் சொல்லு லா!" என்று விசில் வேறு. அப்பா என்னைப் பார்த்துச் சிரித்தார். எனக்குச் சம்மதம், தனக்குத்தான் தெரியாமல் போயிற்று என்று அவர் நினைத்துக்கொண்டார்.

நான் வாயைத் திறப்பதற்குள் அவன் அம்மா தட்டோடு ஏறி வந்தார். பட்டுச் சேலை, பழம், அவரே தொடுத்த மல்லிகைச் சரம். முகமெல்லாம் பூரிப்பு. எனக்குப் பின்னால் வந்து பூவைத் தலையில் செருகிவிட்டார். உடனே நாதஸ்வரம் போட்டார்கள். பூ வைத்தால் பேச்சு முடிந்தது என்றுதான் எங்கள் வழக்கம். வைத்த பூவை எந்தப் பெண்ணும் எடுக்க மாட்டாள்.

நான் எடுத்தேன்.

இழுத்த வேகத்தில் நார் அறுந்து பூவெல்லாம் மேடையில் சிதறியது. அவன் கையிலிருந்த மைக்கைப் பிடுங்கி, "நான் போன மாசமே வேணாம்னு சொல்லிட்டேன்" என்றேன். யாரோ நாதஸ்வரத்தை நிறுத்தினார்கள்.

அந்த அம்மா என்னைப் பார்க்கவே இல்லை. மகனைப் பார்த்தார்.

"என்னடா... அந்தப் புள்ள சரின்னு சொல்லிருச்சுன்னுதானே என்னைக் கூட்டிட்டு வந்த?"

அவன் தலையைக் குனிந்துகொண்டான். பாவி! பெற்றவளிடமே பொய் சொல்லிக் கூட்டி வந்திருக்கிறான். அவர் அப்படியே முட்டி போட்டு, யார் காலிலும் மிதிபடாமல் ஒவ்வொரு பூவாகப் பொறுக்கித் தட்டில் போட்டார். எத்தனையோ இரவு அந்தக் குனிந்த முதுகு என் கனவில் வந்திருக்கிறது. அவர் பொறுக்கப் பொறுக்க என் தலையிலிருந்து பூ விழுந்துகொண்டே இருக்கும்.

ஊர் வாயை மூட உலைமூடி ஏது? வீடியோ ராசா டவுன் வரைக்கும் போயிற்று. 'வைத்த பூவைப் பிய்த்தவள்' என்று எனக்குப் பெயர் வைத்தார்கள். பெண் கேட்க வருவதாகச் சொன்ன இரண்டு குடும்பங்கள் வரவில்லை. "தனியா கூப்பிட்டுச் சொல்லியிருக்கலாமேம்மா" என்று சித்தி இன்றைக்கும் சொல்கிறார். தனியாகத்தான் சொன்னேன், சித்தி! பஸ் நிலையத்தில் வைத்து, வாய்விட்டுச் சொன்னேன். அதை எந்தக் கைப்பேசி எடுத்தது?

பூவைப் பிய்த்ததற்கு நான் வருந்தவில்லை. இன்னொரு முறை வைத்தாலும் பிய்ப்பேன். ஆனால் அந்த அம்மா என்னை ஒரு வார்த்தை திட்டியிருந்தால் நான் நிம்மதியாகத் தூங்கியிருப்பேன்.

போன ஆடியில் தோட்டத்துக் கோயிலில் கூழ் ஊற்றினார்கள். அவரும் வந்திருந்தார். பூத்தட்டோடு பெண்கள் வரிசையில் ஒவ்வொருவர் தலையிலும் தானே பூ வைத்துக்கொண்டு வந்தார். அவர் என்னை நெருங்க நெருங்க எல்லோரும் திரும்பிப் பார்த்தார்கள். ஒருத்தி கைப்பேசியைக்கூட எடுத்தாள். என் முறை வந்தது. அவர் பின்னால் போகவில்லை. என் முகத்துக்கு நேரே நின்று, எனக்கு மட்டும் கேட்கிற மாதிரி மெதுவாகக் கேட்டார்.

"பூ வச்சுக்கிறியாம்மா?"

வாங்கிக்கொள்ளத்தான் ஆசை. சத்தியமாக ஆசை. ஆனால் கழுத்து தானாகப் பின்னுக்குப் போனது.

"வேணாம் ஆண்ட்டி."

"சரிம்மா" என்றார். என் கையை ஒரு முறை தொட்டுவிட்டு அடுத்த பெண்ணிடம் போனார்.

காரில் ஏறிக் கதவைச் சாத்திக்கொண்டு ஓவென்று அழுதேன். இவ்வளவுதானே! அன்றைக்குப் பஸ் நிலையத்தில் அவர் மகன் சொல்ல வேண்டியிருந்தது இந்த ஒரு 'சரி'தான்.