ஏழாம் நாள் தூக்கிய கட்டை

எழுத்துக் கூட்டிப் படிக்கிற படிப்புதான் எனக்கு. ஆனாலும் இருபத்தாறு வயதிலேயே மேற்கு மாம்பலத்தில் சொந்தமாக விறகுத்தொட்டி போட்டவன் நான். சட்டையை மட்டும் கழற்றவே மாட்டேன். மார்பு பெண்களுக்கு வளர்வது போல வளர்ந்திருந்தது. "அண்ணாத்தே, ரவிக்கை தச்சிக்கினியா?" என்று விறகு பிளக்கிறவர்களே கேலி பேசினார்கள்.

கல்யாணம் நிச்சயமானதும் துணிந்து ஆஸ்பத்திரிக்குப் போய் இரண்டு பக்கமும் அறுத்துக்கொண்டேன். மயக்கத்தில் ஒன்றும் தெரியவில்லை. மூன்று வாரம் எதையும் தூக்கக் கூடாது என்று சொல்லி, மார்பை இறுக்கிக் கட்டி அனுப்பினார் டாக்டர்.

ஏழாம் நாளே ஒரு கட்டையைத் தூக்கித் தராசில் போட்டேன். ஆட்கள் பார்க்கட்டும் என்றுதான். சாயங்காலத்துக்குள் இடது பக்கம் கட்டுக்குள் பந்துபோல வீங்கிவிட்டது. இரண்டு நாள் யாரிடமும் மூச்சு விடவில்லை.

கட்டு மாற்றப் போனபோது துணியைப் பிரித்த கம்பவுண்டரின் கை அப்படியே நின்றது.

"இன்னா நைனா, இன்னாத்தத் தூக்குனே?"

"ஒண்ணும் தூக்கல."

டாக்டர் வந்து அழுத்திப் பார்த்தார். "உள்ளே ரத்தம் கட்டியிருக்கு. சீழ் பிடிச்சா மார்புக் காம்பே அழுகிடும். உண்மையைச் சொல்லுய்யா."

"கட்டை, சார். ரெண்டு மணங்கு, இருபது கிலோவுக்கு மேலே இருக்கும்."

இரண்டு தையலைப் பிரித்தார். கறுத்த ரத்தம் வழிந்தது. அவர் காம்பைத் தொட்டுத் தொட்டுப் பார்த்தார். என் கண் அவர் முகத்தைவிட்டு நகரவில்லை.

"பொழைச்சுக்கும்," என்றார் கடைசியில்.

கல்யாணத்தன்று சட்டையில்லாமல்தான் மணையில் உட்கார்ந்தேன். இடது பக்கம் லேசாகப் பள்ளம் தெரிந்தது. தெரிந்தால் தெரியட்டும் என்று நிமிர்ந்தே உட்கார்ந்திருந்தேன்.