குறுக்கெழுத்துக்குக் காரணம்

கல்யாணமாகி ஆவடிக்கு வந்த புதிதில் எனக்கு அங்கே பேசுகிற பேச்சில் பாதி புரியவில்லை. எண்பதுகளின் நடுவில் அது. நான் திருநெல்வேலிப் பக்கத்துக்காரி. என் சித்தப்பா ராணுவத் தொழிற்சாலை ஒன்றில் வேலை பார்த்தார். தன் பிரிவில் வேலை பார்த்த ஒரு பையனின் குணம் பிடித்துப்போய் அவர் பேசி முடித்த சம்பந்தம். மாப்பிள்ளைக்குச் சொந்த ஊர் திருவள்ளூர்ப் பக்கம். எங்களுக்குக் கிடைத்த குவார்ட்டர்ஸ் வீட்டில் ஒரு கூடம், ஒரு அறை, இரண்டு பேர் நின்றால் இடிக்கிற சமையலறை.

காலையில் சங்கு ஊதியதும் சைக்கிள்கள் சாரிசாரியாகப் போகும். அவை போன பிறகு தெருவில் பெண்கள் மட்டும்தான். குழாயடியில் ஒரு அம்மா, "இன்னா, புதுப் பொண்ணு, ஊட்ல வேல முட்ச்சிட்டியா?" என்பார். "ஆமா" என்பேன். அதற்கு மேல் பேசினால் என் பேச்சை அவர்கள் இரண்டாம் முறை சொல்லச் சொல்வார்கள். "எளா, அங்கன வச்சிருக்கேன்" என்று நான் ஒருநாள் வாய்தவறிச் சொல்ல, அது தெருவில் ஒரு வாரம் ஓடியது. யாரும் கெட்ட எண்ணத்தில் சிரிக்கவில்லை. ஆனாலும் நான் பேச்சைக் குறைத்துக்கொண்டேன்.

ஊரில் நான் அப்படியில்லை. எனக்கும் தங்கைக்கும் வார இதழில் வரும் குறுக்கெழுத்து என்றால் சோறு வேண்டாம். இடமிருந்து வலம் அவளுக்கு, மேலிருந்து கீழ் எனக்கு. விடையைச் சொன்னால் மட்டும் போதாது, ஏன் அதுதான் விடை என்று மற்றவளை ஒப்புக்கொள்ள வைக்க வேண்டும். அந்தச் சண்டைதான் எங்களுக்கு விளையாட்டு.

ஒருநாள் மாலை துவரம்பருப்பைப் பொட்டலம் பிரித்து டப்பாவில் கொட்டிவிட்டு, அந்தத் தாளை எறிய மனமில்லாமல் நின்றிருந்தேன். தினசரியின் குறுக்கெழுத்துக் கட்டம் அதில் பாதி கிழிந்து இருந்தது. குறிப்புகள் கிழிந்துபோன பாதியில் போய்விட்டன. வேலை விட்டு வந்த கணவர் சட்டையைக் கழற்றிக்கொண்டே, "அதுல இன்னா அவ்ளோ நேரம் பாக்கற?" என்று கேட்டார். சொன்னேன். தங்கையைப் பற்றியும் சொன்னேன் போலிருக்கிறது. அவர் "ஓகோ" என்றதோடு சரி.

மறுநாள் மாலை சட்டைப் பையிலிருந்து ஒரு காலண்டர் தாளை எடுத்து நீட்டினார். பின்பக்கத்தில் பென்சிலால் கட்டம் போட்டு, அன்றைய குறிப்புகளைப் பொடி எழுத்தில் எழுதியிருந்தார்.

"படிப்பகத்துல பேப்பர் வருது. நம்மளால வாங்க முடியாதுன்னு இல்ல. ஆனா அங்க இத போர்டுல போட்டு எல்லாரும் சேந்து போடறாங்க. நீ சொல்லு, நான் போய் எழுதறேன்."

படிப்பகம் எங்கள் தெருக்கோடியில் இருந்த ஒற்றை அறை. முன்பெல்லாம் முதலில் வருகிறவர் பேனாவால் குறுக்கெழுத்தை நிரப்பிவிட்டுப் போய்விடுவாராம். பின்னால் வருகிறவர்கள் கத்துவார்களாம். கடைசியில் படிப்பகத்துச் செயலாளர் ஒரு கரும்பலகையை மாட்டி, கட்டத்தை அதில் வரைந்து, தாளில் யாரும் கைவைக்கக் கூடாது என்று சொல்லிவிட்டார். தெரிந்தவர்கள் பலகையில் எழுதலாம். எழுதினவரிடம் யாராவது காரணம் கேட்டால் சொல்லியாக வேண்டும். சொல்ல முடியாவிட்டால் அழித்துவிட வேண்டும். செயலாளர் தொழிற்சாலையில் ஃபோர்மேன். எல்லாவற்றுக்கும் விதி வைத்திருப்பார்.

அன்றிலிருந்து அதுவே வழக்கமாயிற்று. அவர் மாலையில் காலண்டர் தாளோடு வருவார். நான் வெங்காயம் நறுக்கிக்கொண்டே யோசிப்பேன். 'விருந்தின் தலை மாறினால் நோய் தீரும், நான்கெழுத்து' என்று ஒருநாள் வந்தது. விருந்தில் முதல் எழுத்தை மாற்றினால் மருந்து. அவருக்கு அதைச் சொன்னபோது முகம் மலர்ந்து, "அட, ஆமாம்ல" என்றார். காரணத்தை இரண்டு முறை என்னிடமே ஒப்பித்துவிட்டு, டீ குடித்து, படிப்பகத்துக்குக் கிளம்பினார். திரும்பி வந்ததும் யார் என்ன கேட்டார்கள், யார் விழித்தார்கள் என்று சொல்வார். நாள் முழுக்க யாரோடும் பேசாத எனக்கு, போகாத ஒரு அறையில் என்ன நடந்தது என்று அத்தனையும் தெரியும்.

படிப்பகத்தில் அவருக்குப் பெரிய பெயர் வந்துவிட்டது. "மச்சான், உன் தலையில இவ்ளோ சரக்கு கீதா?" என்று கூட வேலை செய்கிறவர்கள் கேட்டார்களாம். அவர் அதைச் சொல்லிச் சிரிப்பார், ஆனால் சங்கடமாகத்தான் சிரிப்பார். எனக்கு அதில் வருத்தம் இருக்கவில்லை. அப்படித்தான் இருக்கும் என்று நினைத்திருந்தேன்.

பிறகு ஒருநாள் இந்தக் குறிப்பு வந்தது: 'இதைக் கட்டிக்கொண்டு இதில் ஏறுவார் கொத்தனார், மூன்றெழுத்து.' பார்த்ததும் எனக்குத் தெரிந்துவிட்டது. "சாரம்" என்றேன். காரணம் சொல்ல வாயெடுக்கும்போது சித்தப்பாவும் சித்தியும் ஊரிலிருந்து வந்த முறுக்கோடு வந்து நின்றார்கள். நான் அவர்களைக் கவனிக்கப் போய்விட்டேன். இவர் விடையை மட்டும் எடுத்துக்கொண்டு போனார்.

திரும்பி வந்தவர் விருந்தாளிகள் போன பிறகுதான் விஷயத்தைச் சொன்னார்.

பலகையில் அவர் சாரம் என்று எழுதியதும், "ஏறுறது சரி, கட்டடத்துக்குச் சாரம் போடுவாங்க. ஆனா அத ஏன் கொத்தனார் கட்டிக்கினு ஏறணும்?" என்று ஒருவர் கேட்டாராம். இவருக்குத் தெரியவில்லை. எல்லாரும் பார்த்துக்கொண்டிருந்தார்கள். "சாரத்தைக் கயிறு வெச்சிக் கட்டுவாங்க இல்ல, அதான்" என்று ஒருவர் இவருக்காகவே எடுத்துக் கொடுத்திருக்கிறார். தலையாட்டியிருந்தால் போதும், விஷயம் முடிந்திருக்கும்.

"நான் சொல்லிட்டேன்" என்றார்.

"என்ன சொன்னீங்க?"

"இது நான் போட்டது இல்ல, இத்தினி நாளா எதுவுமே நான் போட்டது இல்ல, எங்க ஊட்ல போடறது, நான் தூக்கிகினு வந்து எழுதறேன்னு. காரணம் வேணும்னா அவளத்தான் கேக்கணும்னேன்."

"அதுக்கு என்ன சொன்னாங்க?"

"செயலாளர் கொஞ்ச நேரம் யோசிச்சாரு. அப்பறம், எழுதினவங்க காரணம் சொல்லணும்ன்றதுதான் விதி, அப்போ ஞாயித்துக்கிழமை அவங்களையே வரச் சொல்லுப்பான்னாரு."

படிப்பகத்துக்குள் அதுவரை எந்தப் பெண்ணும் போனதில்லை. போகக் கூடாது என்று யாரும் சொன்னதில்லை, போனதில்லை, அவ்வளவுதான். "நான் பேசினா சிரிப்பாவ" என்றேன். அவர் பாயை உதறிக்கொண்டே சொன்னார்: "சிரிச்சா சிரிக்கட்டும். பதில் தெரிஞ்சவ நீதானே."

ஞாயிற்றுக்கிழமை மாலை போனேன். இவர் துணைக்கு என்று தெருவில் இரண்டு மூன்று பெண்களையும் கூப்பிட்டிருந்தார். குழாயடி அம்மா, மாடி வீட்டுக்காரி, இன்னொருத்தி. வேடிக்கை பார்க்கவே வந்தார்கள் என்று நினைக்கிறேன். பெஞ்சில் இருந்தவர்கள் நகர்ந்து இடம் கொடுத்தார்கள். செயலாளர் சாக்பீஸை என் கையில் கொடுத்துவிட்டுத் தள்ளி நின்றார். அழிந்துபோன பழைய கட்டத்தை அவரே மறுபடியும் வரைந்து வைத்திருந்தார்.

பலகையைப் பார்த்துக்கொண்டே, "எங்க ஊருல கைலியைச் சாரம்னு சொல்லுவோம்" என்றேன். "கொத்தனாரு சாரத்தக் கட்டிக்கிட்டுத்தான் சாரத்துல ஏறுவாரு."

அறை முழுக்கச் சிரிப்பு. நான் பயந்த சிரிப்பில்லை அது, விடை புரிந்துபோனால் வருகிற சிரிப்பு. பின்னால் உட்கார்ந்திருந்த ஒரு நாகர்கோவில்காரர் எழுந்தே நின்றுவிட்டார். "எங்க ஊர்லயும் சாரம்தான். இத்தனை வருஷமா இங்க வந்து லுங்கி லுங்கின்னு சொல்லி மறந்தே போச்சு" என்றார். அதற்கப்புறம் ஒவ்வொருவரும் தங்கள் ஊரில் கைலிக்கு என்ன சொல்வார்கள் என்று சொல்ல ஆரம்பித்து, செயலாளர் பெஞ்சைத் தட்டித்தான் அடக்க வேண்டியிருந்தது.

அந்தத் தைரியத்தில் அன்றைய புதிருக்கும் நானே நின்றேன். ஒரு குறிப்பு மட்டும் பாக்கி. 'ஊறிய பருப்பு அரைபட்டுச் சேருமிடம், இரண்டெழுத்து.' இரண்டாவது எழுத்து 'டை' என்று ஏற்கெனவே விழுந்திருந்தது. நான் 'அடை' என்று எழுதினேன். காரணமும் விரிவாகச் சொன்னேன். அடை என்றால் கல்லில் வேகிற பண்டம், அடை என்றால் போய்ச் சேர் என்றும் அர்த்தம், சேருமிடம் என்பதில் அந்தச் சூட்சுமம் இருக்கிறது என்று. ஆண்கள் "ஆகா" என்றார்கள். எனக்குக் கால் தரையில் இல்லை.

அப்போது மாடி வீட்டுக்காரி, உட்கார்ந்த இடத்திலிருந்தே, "வடைன்னு ஏன் இருக்கக் கூடாது?" என்று கேட்டாள். அவள் ஆவடிக்காரி. அங்கேயே நிலம் வைத்திருந்த பழைய குடும்பத்தில் பிறந்து, தொழிற்சாலைக்காரருக்கு வாக்கப்பட்டவள். என் வயசுதான் இருக்கும்.

"வடைன்னா சேருமிடத்துக்குக் காரணம் வரல்லியே" என்றேன்.

"அதெல்லாம் எனக்குத் தெரியாதுக்கா. அடைக்கு அரிசி போடணுமே. வெறும் பருப்புன்னா அது வடை தானே?"

அடைக்கு அரிசி போடுவது எனக்கும் தெரிந்ததுதான். ஆனாலும் சாக்பீஸ் என் கையில் இருந்தது. "பாப்போம், நாளைக்கு விடை வரும்ல" என்று சொல்லி அடையை அப்படியே விட்டுவிட்டேன்.

மறுநாள் பேப்பரில் வடை என்று வந்திருந்தது. இவர் மாலையில் வந்து சொன்னபோது சிரிப்பை அடக்கப் பார்த்து முடியாமல் சிரித்தார். எனக்கு அழுகையே வந்தது. முதல் நாளே போய் எல்லார் முன்னாலும் தப்பாகச் சொன்னேனே என்று. இனிமேல் போகமாட்டேன் என்றேன்.

"தப்பா எழுதினா அழிக்கணும்னு விதி இருக்குது. நான் அழிச்சிட்டு வரட்டா?"

அது எனக்கு ஒப்பவில்லை. நான் எழுதியதை நானே அழிக்கிறேன் என்று சேலையை மாற்றிக்கொண்டு அவரோடு போனேன். பலகையில் மிச்சமிருந்த முந்தின நாள் கட்டத்தில் 'அ' என்ற எழுத்தை அழித்து 'வ' என்று எழுதினேன். அறைக்கு முதுகைக் காட்டி நின்றபடி, "அரிசியை மறந்துட்டேன்" என்றேன். யாரும் கேலி செய்யவில்லை. "தப்பா இருந்தாலும் உங்க காரணம்தான் நல்லா இருந்தது" என்று செயலாளர் சொன்னார். ஆறுதலுக்குச் சொல்கிற ஆள் இல்லை அவர். அதனால் அதை நம்பினேன்.

வீட்டுக்கு வந்து கொஞ்ச நேரத்தில் கதவு தட்டுகிற சத்தம். மாடி வீட்டுக்காரி ஒரு தட்டில் சுடச்சுட வடை வைத்து, மேலே இன்னொரு தட்டைக் கவிழ்த்து மூடிக்கொண்டு நின்றாள்.

"கோவமாக்கா?"

"கோவம் இருந்தா மட்டும் வடையத் திருப்பியா கொண்டு போவ?" என்றேன். என் வாயிலிருந்து அப்படி ஒரு வார்த்தை அந்த ஊரில் வந்தது அன்றுதான். இரண்டு பேரும் சமையலறை வாசலில் உட்கார்ந்து அவ்வளவையும் தின்றோம். இவருக்கு ஒன்றோ இரண்டோதான் மிஞ்சியது.

அதன் பிறகு எத்தனையோ ஞாயிற்றுக்கிழமைகள். வாரநாளில் ஆண்கள் போடுவார்கள். ஞாயிறன்று பெண்களும் வருவோம், அந்த வாரம் யாருக்கும் பிடிபடாமல் போனதற்கெல்லாம் காரணம் சொல்வோம். ஒவ்வொரு வீட்டுக்கும் ஒவ்வொரு ஊர். ஒரே பொருளுக்கு ஒவ்வொருத்திக்கும் ஒரு பெயர் இருந்தது. மாடி வீட்டுக்காரி பட்டாபிராம், வேப்பம்பட்டு என்று சொந்தக்காரர் வீடுகளுக்குப் போய்வரும்போதெல்லாம் புதிதாக ஒரு சொல் கொண்டுவருவாள். அவளிடமிருந்துதான் நான் 'கீது'வும் 'வந்துகினு'வும் கற்றேன். அவள் என்னிடமிருந்து 'அங்கன' எடுத்துக்கொண்டாள்.

சில வருஷம் கழித்து, குடியிருப்புச் சங்கத்தார் சின்னப் பிள்ளைகளுக்கு ஒரு பள்ளி தொடங்கினார்கள். தமிழ் சொல்லித்தர ஆள் தேடியபோது, செயலாளர் என் பெயரைச் சொல்லியிருக்கிறார். நான் பதினொன்றாவதுதான் படித்தவள். அதைச் சொன்னபோது, "போர்டு முன்னாடி நிக்கத் தெரியும். தப்பு வந்தா அழிக்கவும் தெரியும். சின்னப் பசங்களுக்கு அது போதும்மா" என்றார். அந்தப் பள்ளியில் தொண்ணூறுகள் முழுக்க வேலை பார்த்தேன்.

கணவரிடம் ஒருமுறை கேட்டேன், அன்று ஏன் உண்மையைச் சொன்னீர்கள், யாரோ எடுத்துத்தான் கொடுத்தார்களே என்று. "தெரியலன்னு சொன்னேன். இதுல இன்னா இருக்குது?" என்று கேட்டுவிட்டுத் தண்ணீர் வந்துவிட்டதா என்று பார்க்கப் போய்விட்டார். அவருக்கு அது நிஜமாகவே ஒன்றுமில்லைதான். எனக்கு ஒரு ஊரே அதில்தான் கிடைத்தது. இதை நான் அவரிடம் நேராகச் சொன்னதில்லை. சொன்னால் கூச்சப்படுவார்.

பட்டாபிராமில் சொந்தமாக வீடு கட்டி நாங்கள் கிளம்பிய அன்று, படிப்பகத்துக்காரர்கள் வந்து சாமான்களை லாரியில் ஏற்றிக் கொடுத்தார்கள். பீரோவைக் கயிற்றால் கட்டிய நாகர்கோவில்காரர் முடிச்சை மூன்று பேரை இழுத்துப் பார்க்கச் சொன்னார். மாடி வீட்டுக்காரி கண்ணைத் துடைத்துக்கொண்டே, ரயிலில் அரைமணி கூட ஆகாது, இதுக்குப் போய் அழறேனே என்று தன்னையே திட்டிக்கொண்டாள். செயலாளர் அப்போது ஓய்வு பெற்றிருந்தார். நானும் இவரும் அவரிடம் போய் நின்றோம். நன்றி சொல்ல வேண்டும் என்று வழியெல்லாம் வார்த்தை தேடிப் போனேன். எதிரில் நின்றதும் "போயிட்டு வரேன் சார்" என்பது மட்டும்தான் வந்தது.

"அங்க பேப்பர் போட ஆள் வராங்களா?" என்று கேட்டார்.

"வராங்களாம் சார், விசாரிச்சிட்டோம்."

"காலையில நேரத்தோட போடுவாங்களா பாருங்க" என்றார். பிறகு லாரிக்காரரைக் கூப்பிட்டு, பீரோ சாயாமல் மெதுவாக ஓட்டச் சொன்னார்.