மேல தண்ணி, கீழ தண்ணி

மலையடிவார ஊரான மார்க்கையன்கோட்டையில் கடலைப் பார்த்தவர்கள் நிறைய உண்டு. ராமேசுவரத்துக்கும் திருச்செந்தூருக்கும் போய் முங்கிக் குளித்துவிட்டு, மணல் ஒட்டிய காலோடு பஸ் ஏறி வந்தவர்கள். ஆனால் கடலைப் படிக்கப் போனவள் ராக்கையா மகள் சினேகா ஒருத்திதான். அவள் போன முதல் வருசம், ஊரில் பாதிப் பேர் அவள் கடலை படிக்கிறாள் என்றே நினைத்துக்கொண்டார்கள்.

"நெலக்கடலையப் படிக்க நாலு வருசமாய்யா? எங்கிட்ட அனுப்பிருந்தா ஒரே வெள்ளாமையில சொல்லிக் குடுத்துருப்பேனே" என்று டீக்கடையில் பொன்னுராஜ் கேலி பேசினான்.

"கடலைக்கும் கடலுக்கும் வித்தியாசந் தெரியாத பயலுகளுக்கு எம் மக படிப்பு எங்கிட்டு வெளங்கும்" என்று ராக்கையா பாதி டீயோடு எழுந்து போனார். ஆனாலும் மறுநாள் அதே கடைக்குத்தான் போவார். மகள் பேச்சை எடுக்க வேறு இடம் வேண்டுமே.

மூன்றாம் வருசம் பொங்கலுக்குச் சினேகா வீட்டுக்கு வந்தாள். வந்தவள் முகத்தில் உயிரே இல்லை. அம்மா பூமாரி கொழுக்கட்டை அவித்து வைத்தாள். தொடவில்லை. ராக்கையா டீக்கடைக்குக் கூப்பிட்டார். "அலை ஏன் அடிக்குதுன்னு ஒருக்கா சொல்லு ஆத்தா, இவிங்ய வாயடைச்சுப் போகட்டும்" என்றார். தலைவலி என்று சொல்லி உள்ளே போய்ப் படுத்துக்கொண்டாள்.

தலைவலியும் இல்லை, ஒன்றும் இல்லை. வெட்கம். ஒரு மனுசனுடைய பிழைப்பைக் கெடுத்துவிட்டு வந்திருந்தாள்.

நடந்தது இதுதான். மார்கழியில் ஒரு நாள் மாணவர்களை இரண்டு படகில் கடலுக்குள் கூட்டிப் போனார்கள். சினேகா ஏறிய படகு பிச்சைமணியுடையது. ஐம்பத்தைந்து வயசு இருக்கும். பல்கலைக்கழகம் எப்போது கடலுக்குப் போனாலும் அவர்தான் படகு ஓட்டுவார், கயிறு பிடிப்பார். சினேகாவுக்குப் படகு ஆடினால் குடல் புரளும். முதல் வருசத்தில் அவள் வாந்தி எடுக்க, மற்றவர்கள் மூக்கைப் பொத்திக்கொண்டு நகர்ந்தபோது, எலுமிச்சம்பழத்தைக் கீறிக் கையில் கொடுத்தவர் அவர்தான். "மலங்காட்டுப் புள்ள, கடல் இன்னும் ஒன்னை ஏத்துக்கிறல. மோந்துக்கிட்டே இரு" என்பார்.

அன்று பாடம் நடத்தும் மேடம் பக்கத்துப் படகில் நின்று சத்தம் போட்டுச் சொன்னார்: "சினேகா! மூணு எடத்துலயும் மேல தண்ணி ஒரு பாட்டில், கீழ தண்ணி ஒரு பாட்டில்!"

மேல என்றால் கடல் மட்டத்துத் தண்ணீர். கீழ என்றால் ஆழத்தில், தரையை ஒட்டிய தண்ணீர். அதை எடுக்கக் கயிற்றில் கட்டி இறக்குகிற குழாய் ஒன்று உண்டு. முந்தின வாரம் வகுப்பில் அதைக் காட்டிச் சொல்லிக் கொடுத்தபோது சினேகா காய்ச்சலில் விடுதியில் கிடந்தாள். பிறகு யாரிடமும் கேட்டுக்கொள்ளவில்லை. கேட்டால் மலங்காட்டுப் புள்ள என்று சிரிப்பார்கள் என்று ஒரு ரோசம்.

அவள் வளர்ந்தது வாய்க்கால் கரையில். நடக்கத் தெரிந்த நாளிலிருந்து அப்பாவோடு மடையில் நின்றவள். அங்கே மேல என்றால் தண்ணீர் வருகிற பக்கம், கீழ என்றால் தண்ணீர் போகிற பக்கம். மேல தண்ணி இனிக்கும். கீழ தண்ணி பத்து வயலைக் கழுவி வந்ததால் கரிக்கும். மாட்டுக்குக்கூட மேல தண்ணியைத்தான் காட்டுவார்கள். இரண்டையும் ஒப்பிட்டுப் பார்க்கத்தான் மேடம் கேட்கிறார் என்று அவளுக்கு ஒரு துளி சந்தேகம்கூட வரவில்லை.

பிச்சைமணி குழாயைக் கையில் எடுத்தார். "எறக்கவாம்மா?"

"வேணாம்ணே. இது அதுக்கு இல்ல."

அவர் ஒரு கணம் பார்த்தார். படித்த பிள்ளை சொல்கிறது, அதற்குமேல் நமக்கென்ன என்று குழாயை வைத்துவிட்டார். நீரோட்டம் வருகிற பக்கம் குனிந்து ஒரு பாட்டில், போகிற பக்கம் குனிந்து ஒரு பாட்டில் என மூன்று இடத்திலும் சினேகா அள்ளினாள். ஒன்றில் மேல, ஒன்றில் கீழ என்று சீட்டு எழுதி ஒட்டினாள். கையெழுத்து வேறு முத்து முத்தாக.

நாலு நாள் கழித்து, சோதனைக்கூடத்தில் அளந்து பார்த்தார்கள். அடுத்த படகில் எடுத்தவை ஒன்றுக்கொன்று வித்தியாசமாய் இருந்தன. சினேகாவின் பாட்டில்கள் ஆறும் ஒரே உப்பு.

"அடியில இருந்து எடுத்த தண்ணி இப்படி இருக்காதே" என்றார் மேடம்.

அடியில் இருந்து என்ற அந்த ஒரு வார்த்தையில் சினேகாவுக்கு எல்லாம் விளங்கிவிட்டது. வாயைத் திறக்கப் போனாள். அதற்குள் கூடப் படிக்கிற விஜய்ராஜ், "பிச்சைமணி அண்ணன் குழாயைப் பாதியிலயே இழுத்திருப்பாரு மேடம். வயசாயிருச்சுல்ல" என்றான். அவன் கெட்டவன் இல்லை, வாய் சும்மா இருக்காது. சினேகா திறந்த வாயை மூடிக்கொண்டாள்.

மேடம் பிச்சைமணியை வரச்சொல்லிக் கேட்டார். அவர் வாசலில் நின்றபடி உள்ளே பார்த்தார். சினேகா குனிந்து பாட்டில் மூடியைத் திருகிக்கொண்டிருந்தாள். "இருக்கும்மா. கயிறு கட்டையாப் போயிருக்கும்" என்றார் அவர். அடுத்த முறையிலிருந்து வேறு ஆளை வைத்துக்கொள்வதாகச் சொல்லி அனுப்பிவிட்டார்கள். வராண்டாவில் போகும்போதுகூட அவர் இவளை ஒரு வார்த்தை கேட்கவில்லை.

அடித்திருந்தால் ஆறியிருக்கும். கேட்காமல் போனதுதான் அவளை அரித்தது.

போகிப் பொங்கலன்று காலையில் வயலுக்கு முறைத் தண்ணீர் வந்தது. ராக்கையா மண்வெட்டியோடு வரப்பில் நின்று, "மேல தண்ணி வருது, கீழ அடைங்கடா!" என்று பக்கத்து வயலுக்குக் குரல் கொடுத்தார். சோறு கொண்டு வந்த சினேகா தூக்குச்சட்டியை வரப்பில் வைத்துவிட்டு முகத்தைப் பொத்திக்கொண்டு உட்கார்ந்துவிட்டாள். அங்கேயே எல்லாவற்றையும் சொன்னாள்.

ராக்கையா மண்வெட்டியை வரப்பில் ஊன்றினார். பிறகு, நாலு பக்கமும் பார்த்துவிட்டுக் குரலைத் தணித்தார். "ஆறு பாட்டில் தண்ணி. அதுக்குப்போயி... விட்டுத்தள்ளு ஆத்தா. அந்தாளே ஒத்துக்கிட்டாருல்ல? ஊருக்குள்ள சொல்லிராத. பொன்னுராஜு காதுல விழுந்துச்சு, நான் அங்கிட்டுத் தலகாட்ட முடியாது."

அப்பாவுக்கும் வெட்கம் என்று அப்போதுதான் அவளுக்குத் தெரிந்தது. அது இவள் வெட்கத்தைக் குறைக்கவில்லை. கூட்டித்தான் விட்டது.

வீட்டில் பூமாரி கேட்டது ஒன்றே ஒன்று. "அவுக வீட்ல எத்தன பேரு?"

"தெரியலம்மா."

"மூணு வருசமா அவுக கையால எலுமிச்சம்பழம் வாங்கி மோந்துருக்க. வீட்ல யாரு இருக்காகன்னு கேட்டுக்கிறலயா?"

சினேகா போனை எடுத்துக்கொண்டு எழுந்தாள். தப்பு தப்புதான். அதற்கு அப்பன் மறைப்புக் கட்டினாலும் அது தப்புதான், தானாகச் சரியாகாது. மாட்டுத் தொழுவத்துக்குப் பின்னால் போய் நின்று மேடத்துக்குப் போன் போட்டுச் சொல்லிவிட்டாள்.

"அப்ப பிச்சைமணி ஏன் சொல்லல?"

"எனக்காகத்தான் மேடம்."

"ஒனக்கு அந்தப் பயிற்சிக்கு மார்க் கெடையாது. திங்கக்கிழமை வகுப்புல எல்லார் முன்னாலயும் நீயே எந்திரிச்சுச் சொல்லணும். அவரை நான் கூப்புடுறேன். ஆனா மொதல்ல நீ கூப்புடு."

மூன்றாவது தடவை மணி அடித்ததும் பிச்சைமணி போனை எடுத்தார். அவள் மேல கீழ கதையைச் சொல்லி முடித்ததும் சிரித்தார், இருமல் வருகிற வரைக்கும் சிரித்தார். சினேகாவும் மூக்கை உறிஞ்சிக்கொண்டே, "அப்ப வந்துருவீகளாண்ணே?" என்றாள்.

சிரிப்பு நின்றது.

"வான்னா வரவும் போன்னா போகவும் நான் நாயா தாயி? அன்னைக்கு வாசல்ல நின்னேன். நீ தலையத் தூக்கிருந்தா போதும். நான் ஒன்னயக் காட்டிக் குடுத்திருக்க மாட்டேன். நீ மூடியத் திருகிக்கிட்டு இருந்த." மறுபடி இருமிவிட்டுச் சொன்னார்: "போன்ல எல்லாஞ் சொல்லலாம். நேர்ல வா. வாரேனா இல்லயான்னு அப்பறம் பாப்போம்."

மாட்டுப் பொங்கலன்றே கிளம்பினாள். ராக்கையா கொம்புக்கு வர்ணம் பூசிய கையைத் துடைத்துவிட்டு, பையைத் தூக்கிக்கொண்டு பஸ் நிறுத்தத்துக்குக் கூட வந்தார். போதாத காலம், பொன்னுராஜும் அங்கேதான் நின்றான்.

"என்னா மருமகளே, மாட்டுக்குப் பொங்கல் வைக்கிறதுக்குள்ள ஓடுற? கடலு காஞ்சு போச்சாக்கும்?"

ராக்கையா மகளைப் பார்த்தார். 'வேண்டாம்' என்று கண்ணால் கெஞ்சினார்.

"தப்புப் பண்ணிட்டேன் மாமா" என்றாள் சினேகா. "தண்ணிய மாத்தி அள்ளிட்டு, பழிய இன்னொருத்தர் மேல விட்டுட்டேன். அவுக கால்ல விழுகப் போறேன்."

பொன்னுராஜ் ஒதுங்கி வழி விட்டான். ராக்கையா தரையைப் பார்த்தபடி நின்றார். சின்னமனூர் பஸ் வந்தது. பையை உள்ளே வைத்தவர் இறங்காமல் படியிலேயே நின்றார். கண்டக்டர் விசிலை வாயில் வைத்துக்கொண்டு, "ஏறுறீகளா எறங்குறீகளாய்யா?" என்று கேட்டார்.

"ரெண்டு டிக்கெட் குடுப்பா" என்றார் ராக்கையா. கையில் இன்னும் சிவப்பு வர்ணம் இருந்தது. மகள் பக்கத்தில் உட்கார்ந்தார். அவள் முகத்தை மட்டும் பார்க்கவில்லை.